அட்டையிலுள்ள அன்னையைக் கண்டவர் யார்?

புதுவையிலிருந்து விழுப்புரம் நோக்கிச் செல்லும் சாலையில் வில்லியனூரை அடைவோர், லூர்து அன்னைத் திருத்தலத்தின் முன்னுள்ள குளத்தைக் கண்டு ஒரு கணம் நின்றுவிடுவர். கிறித்தவ ஆலயமொன்றின் முன்னே, நம் ஊர்க் கோவில்களில் உள்ளது போலவே படிக்கட்டுகளோடு அமைந்த திருக்குளம் அது. ஆலயத்தினுள்ளே இருப்பதோ, 1877-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பிரான்சு நாட்டிலிருந்து கடல் கடந்து வந்து சேர்ந்த அன்னையின் திருச்சுரூபம். அப்போது புதுவை மறைப்பணித்தளத்தின் தலைவராக இருந்தவர் லவுனான் ஆண்டகை. லூர்து நகரின் மசபியேல் குகையில் பெர்னதெத் என்னும் சிறுமி அன்னையைக் கண்டது 1858-இல். அதாவது, பத்தொன்பதே ஆண்டுகளில் அக்காட்சியின் உருவம் நம் வயல்வெளிகளுக்கு நடுவே வந்து நின்றுவிட்டது. நீராவிக் கப்பல்களின் காலத்தில் இது வியப்புக்குரிய வேகமே.

இன்று அதே அன்னையின் உருவம் இன்னும் வேகமாகப் பயணம் செய்கிறது. உயிர்ப்புப் பெருவிழாவை அடுத்து வரும் திருத்தல விழாவுக்கென்றும், தவக்காலத்துக்கென்றும், மாதா வணக்க மாதத்துக்கென்றும் நம் பங்குகளின் பாடகர் குழுவினர் புதிய பாடல்களை இயற்றி, பதிவுக்கூடத்தில் பாடி, கைப்பேசிகளில் ஒலிக்கும்படி வெளியிடுகின்றனர். ஒவ்வொரு தொகுப்புக்கும் ஓர் அட்டைப்படம் தேவைப்படுகிறது. முன்னர் அதனை ஓவியரோ அச்சகத்தாரோ வரைந்து கொடுத்தனர். இப்போதோ பாடலுக்கு இசையமைத்த இளைஞரே செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றிடம் இரண்டு வரி எழுதிக் கேட்கிறார். அரை நிமிடத்தில் நான்கு படங்கள் வந்து விழுகின்றன. அவற்றுள் ஒன்று அன்னையாகிவிடுகிறது. ‘இதில் என்ன தவறு?’ என்று அவர் கேட்டால், ‘தவறு’ என்று ஒரே சொல்லில் விடை சொல்ல நம்மால் இயலாது. எனினும், விடை தேடுவதற்குச் சற்றுப் பழைய கதையொன்றைத் திரும்பிப் பார்ப்பது பயன் தரும்.

முதற்கண் பாடல்களுக்கு அட்டை வந்த கதை. இசைத்தட்டுகள் நம் நாட்டில் பதிவாகத் தொடங்கியது 1902-இல், கொல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியபோது. அக்காலத்து இசைத்தட்டுகள் பழுப்புநிறக் காகித உறையில் வந்தன. நடுவே ஒரு வட்டத்துளை. அதன் வழியே தட்டின் பெயர்ச்சீட்டு மட்டும் தெரியும். குழல்பெட்டியின் முன் அமர்ந்து தன் தலைவனின் குரலைக் கேட்கும் நாயின் படம்தான் அன்று பலருக்கும் இசையின் முகம். அதுவும் பிரான்சிஸ் பராட் என்னும் ஆங்கில ஓவியர் தம் கையால் தீட்டியதே. 1940-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்னும் இளைஞர்தாம், வெற்று உறைகளால் பாட்டுக்கு என்ன சிறப்பு என்று கேட்டு, ஓவியம் தாங்கிய அட்டையை முதன்முதலாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பாட்டைக் கேட்குமுன் கண்ணால் காண்பது என்னும் பழக்கம் அங்கிருந்து தொடங்குகிறது.

நம்மவருக்கு அது முழுமையாக வந்து சேர்ந்தது ஒலிநாடாக் காலத்தில் எனலாம். பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் வெளியிட்ட அச்சிறு பெட்டி, 1980-களில் தமிழகத்தின் சிற்றூர்த் தேநீர்க்கடைகள் வரை வந்துவிட்டது. திருவிழாக் கடைகளில் செபமாலைகளுக்கும் மெழுகுதிரிகளுக்கும் அருகே மாதா பாடல் ஒலிநாடாக்கள் அடுக்கியிருந்த காட்சி நம்மில் பலருக்கு நினைவிருக்கும். முழுநீள இசைத்தட்டின் பன்னிரண்டு அங்குலச் சதுரத்தோடு ஒப்பிட்டால் ஒலிநாடாவின் அட்டை உள்ளங்கை அகலம்தான். ஆனால் அந்த அட்டை மடிப்பு மடிப்பாக விரியும். விரித்தால் பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியவர், பதிவு செய்த கூடம், அட்டையை வடிவமைத்தவர், அச்சிட்ட அச்சகம் என்று பொடி எழுத்தில் பெயர்கள் இருக்கும். இந்த உள்மடிப்பைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேசவேண்டியுள்ளது.

இனி லூர்துக்குச் செல்வோம். பெர்னதெத் கண்ட காட்சிக்கு உருவம் கொடுக்கும் பணி, லியோன் நகரச் சிற்பியும் பேராசிரியருமான ஜோசப் ஃபபீஷ் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் 1863-இல் லூர்துக்கு வந்து பெர்னதெத்தை நேரில் கண்டு கேட்டறிந்தார். அன்னை எப்படி நின்றார், கைகளை எப்படிக் குவித்தார், ‘நாமே அமல உற்பவம்’ என்று மொழிந்தபோது முகம் எவ்வாறு இருந்தது என்றெல்லாம் கேட்டார். வெண்ணிற ஆடை, வெண்ணிற முக்காடு, நீலநிற இடைக்கச்சை, ஒவ்வொரு பாதத்திலும் ஒரு மஞ்சள் ரோசா, கையில் வெண்மணிச் செபமாலை, அதன் கம்பி ரோசாவின் மஞ்சள் நிறத்திலேயே என அச்சிறுமி சொன்ன விவரங்கள் மிகத் துல்லியமானவை. படிப்பறியாத ஆலைக்காரர் மகளின் கண் எத்துணைக் கூர்மையானது என்று நாம் வியக்கலாம்.

சிற்பி கராரா பளிங்கில் செதுக்கிய உருவம் 1864 ஏப்ரல் 4-ஆம் நாள் மந்திரிக்கப்பட்டுக் குகையில் நிறுவப்பட்டது. இன்று உலகெங்கும் நாம் காணும் லூர்து அன்னையின் சாயலுக்கு மூலம் அதுவே. ஆனால் அதைக் கண்ட பெர்னதெத்துக்கு மனநிறைவு ஏற்படவில்லை. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் தான் கண்டது இவரையல்ல என்ற கருத்தையே அவர் வெளியிட்டார். அவர் கண்டது ஏறத்தாழத் தம் உயரமே கொண்ட இளம்பெண்ணை. பெர்னதெத்தின் உயரமோ 1.40 மீட்டர்தான். சிற்பி சமைத்தது 1.88 மீட்டர் உயர்ந்து நிற்கும் முதிர்ந்த அரசியை. சிற்பியின் மனத்தில் அவர் கற்ற கலைமரபு இருந்தது; சிறுமியின் சொல் அந்த மரபின் வழியாகவே அவருடைய உளியை அடைந்தது.

இந்த நிகழ்ச்சி நம் பொருளுக்கு மிக முக்கியமானது. கலைஞரின் கை காட்சியைத் தவறவிடலாம் என்பதை இது காட்டுகிறது. ஆகவே, ‘மனிதன் வரைந்தால் உண்மை, இயந்திரம் வரைந்தால் பொய்’ என்று நாம் எளிதாகக் கூறிவிட முடியாது. அதே நேரத்தில், ஃபபீஷின் தவறு தவறென்று நமக்குத் தெரிவதற்குக் காரணம் உண்டு. கண்டவர் ஒருவர் இருந்தார். கேட்டவர் ஒருவர் இருந்தார். செதுக்கியவருக்கு ஒரு பெயர் இருந்தது. சிறுமி சிற்பியின் படைப்பை மறுத்துப் பேச இடமிருந்தது. பேசவும் செய்தார். வரலாறு அதைக் குறித்தும் வைத்துக்கொண்டது.

வில்லியனூருக்கு வந்தது அம்மூலச் சிலையின் வழிவந்த திருச்சுரூபமே. அக்காலத்துப் பாரிசு நகரில் சேன் சுல்பீஸ் ஆலயத்தைச் சுற்றியிருந்த கடைகள், அச்சுகளில் வார்த்த சுதைச் சுரூபங்களையும் வண்ணக் கல்லச்சுப் படங்களையும் உலகெங்கும் அனுப்பின. ஒரே அச்சில் நூற்றுக்கணக்கான மாதாக்கள்! சுவைஞர்கள் பலர் அவற்றைப் பழித்தனர். உயிரற்ற இனிப்புக் கலை என்று ஏளனம் செய்தனர். இயந்திரம் சமயக் கலையைக் கெடுத்துவிடும் என்னும் அச்சம் நம் காலத்தில் மட்டும் தோன்றியதன்று என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். ஆயினும் அப்படங்கள் நம் வீடுகளின் சுவர்களில் குடியேறின. அவற்றின் முன் விளக்கேற்றப்பட்டது. பேறுகாலத்துப் பெண்கள் அழுதார்கள். மரித்தோரின் மார்பில் அவை வைக்கப்பட்டன. அச்சில் வார்த்த சுதையை நம் மூதாதையரின் செபம் திருச்சுரூபமாக்கியது. 787-ஆம் ஆண்டு கூடிய இரண்டாம் நிக்கேயாப் பொதுச்சங்கம் போதித்ததும் இதுவே: உருவத்துக்குச் செலுத்தும் வணக்கம் உருவம் குறிக்கும் ஆளையே சென்றடைகிறது. வில்லியனூர் அன்னைக்கு 1886-ஆம் ஆண்டு, திருத்தந்தை 13-ஆம் லியோவின் இசைவோடு முடிசூட்டப்பட்டபோது, மகுடம் ஏறியது பிரெஞ்சுச் சுதையின் தலையில். மரியாதை சென்றதோ விண்ணக அன்னையிடம்.

அப்படியாயின், அச்சில் வார்த்த சுரூபத்துக்கும் கருவி தந்த படத்துக்கும் என்ன வேறுபாடு? இரண்டும் இயந்திரம் தந்தவைதாமே? இக்கேள்விக்கு விடை காண அக்கருவிகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

வாசலில் இட்ட கோலத்தின் மேல் ஒரு பிடி மணலைத் தூவுங்கள். மறுபடியும் தூவுங்கள். இறுதியில் கோலம் மறைந்து மணல் மட்டுமே தெரியும். இதே போலப் படமொன்றின் மேல் சிறிது சிறிதாகப் புள்ளித் தூசியைக் கலந்து, அத்தூசியை நீக்கிப் பழைய படத்தை மீட்பது எப்படி என்று கணினிக்குக் கோடிக்கணக்கான முறை பயிற்சி அளிக்கின்றனர். ஒவ்வொரு படத்தோடும் அதை விளக்கும் சொற்களும் இணைந்திருக்கும். பயிற்சி முடிந்தபின், படமே இல்லாத வெறும் தூசியைக் கொடுத்து, ‘இதற்குள் மாதா இருக்கிறார், வெளியே கொண்டு வா’ என்கிறோம். கணினி தான் முன்பு கண்ட படங்களின் போக்கைப் பின்பற்றி, இல்லாத மாதாவைத் தூசியிலிருந்து மீட்டுத் தருகிறது. 2022 ஆகத்து மாதம் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்னும் கருவி இவ்வகையைச் சார்ந்தது. அதே ஆண்டில் டால்-ஈயின் இரண்டாம் பதிப்பும் மிட்ஜர்னியும் பொதுமக்கள் கைக்கு வந்தன. இத்தகைய பயிற்சிக்கெனத் திரட்டப்பட்ட லயன் என்னும் தொகுதி ஒன்றில் மட்டும் 500 கோடிக்கும் மேற்பட்ட படங்களின் முகவரிகள் விளக்கச் சொற்களோடு இருந்தன. அவற்றை வரைந்தவர்களிடமும் எடுத்தவர்களிடமும் எவரும் இசைவு கேட்கவில்லை. 2023 சனவரியில் அமெரிக்க ஓவியர் மூவர் இக்கருவிகளின் உரிமையாளர்கள்மீது வழக்குத் தொடுத்ததற்குக் காரணம் இதுவே.

வில்லியனூர்ச் சுரூபம் ஒரு காட்சியின் நகல். நகலின் நகல் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் படி ஏறிக்கொண்டே போனால் ஒரு சிறுமியின் கண்களில் போய் முடியும். கருவி தரும் மாதாவின் படியேறிப் போனால் எங்கும் முடிவதில்லை. ஆயிரம் ஆயிரம் படங்களின் சராசரியான ஒரு முகம் அது. அதைக் கண்டவர் எவருமில்லை. ஆகவே ‘இவரல்லர்’ என்று மறுக்கவும் எவருமில்லை. வேறுபாடு இங்குதான் உள்ளது என்பது நம் எண்ணம்.

சராசரியின் விளைவு நடைமுறையில் எப்படியிருக்கும் என்பதற்கு நாமே ஒருமுறை சோதித்துப் பார்த்தோம். லூர்து அன்னை வேண்டும் என்று கேட்டபோது கிடைத்த படங்களில் அன்னை நீலப் போர்வை அணிந்திருந்தார், பொன்முடி தரித்திருந்தார், ஒன்றில் மார்பில் இதயம் ஒளிர்ந்தது. பாதங்களில் ரோசா இல்லை. செபமாலையின் மணிகள் பத்துப் பத்தாக இல்லாமல் மனம்போன போக்கில் தொடுக்கப்பட்டிருந்தன. பாத்திமா அன்னை, திருஇருதய அன்னை, இத்தாலிய ஓவியங்களின் அன்னை என எல்லாரும் கலந்து ஒரே பெண்ணாகி வந்து நின்றனர். பக்தர்களுக்கு இவை அற்ப வேறுபாடுகள் அல்ல. வெள்ளை ஆடையும் நீலக் கச்சையும் பெர்னதெத்தின் சாட்சியம். படத்தின் மேல் ‘அருள் நிறை மரியே’ என்று எழுதக் கேட்டபோது நேர்ந்தது வேறு வேடிக்கை. ஒற்றுக்குப் புள்ளியில்லை, கொம்பு எழுத்தை விட்டு விலகி நின்றது, தமிழ் போலவே தோற்றமளித்து எந்தத் தமிழுமாகாத கோடுகள் வரிசையாக வந்தன. இக்குறைகள் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வருகின்றன என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். மணிகளை எண்ணவும் புள்ளி வைக்கவும் கருவி நாளை கற்றுக்கொள்ளும். அப்போதும் மேலே கூறிய வேறுபாடு மாறப்போவதில்லை.

முகத்தைப் பற்றியும் ஒரு சொல். கேளாமலிருந்தால் கருவி தரும் அன்னை பெரும்பாலும் வெண்தோல் கொண்ட ஐரோப்பியப் பெண்ணே. பயிற்சிக்குக் கிடைத்த படங்கள் அப்படி. ஆனால் அதைக் கருவியின் குற்றமாக மட்டும் சொல்வது நியாயமாகாது. நம் ஆலயங்களிலும் அப்படித்தானே வைத்திருக்கிறோம்! கோவாவில் பிறந்து சாந்திநிகேதனத்தில் அபனீந்திரநாத் தாகூரிடம் பயின்ற ஆஞ்சலோ த ஃபொன்சேக்கா, புடவை உடுத்திய மரியாவைத் தீட்டியதற்காகத் தம் மண்ணிலேயே எதிர்ப்பைச் சந்தித்தார். பின்னர்ப் பூனாவில் வாழ்ந்து 1967-இல் இறந்தார். இன்று ‘புடவை உடுத்திய மாதா’ என்று மூன்று சொல் எழுதினால் கருவி நொடியில் தந்துவிடும். ஃபொன்சேக்கா அதற்காக வாழ்நாளைக் கொடுத்தார். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றலாம். ஆனால் ஒன்றின் பின்னே இருந்த மனிதர், மரியா நம் பெண்களுள் ஒருத்தி என்று நம்பினார், நம்பியதற்காகத் துன்புற்றார்.

பெயர் என்பது எவ்வளவு பெரிய செய்தி என்பதை அறிய நாம் லூர்துவரை போகவேண்டியதில்லை. பக்கத்திலுள்ள பாகூருக்குப் போனால் போதும். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் காலத்தில், 877-ஆம் ஆண்டளவில், பாகூரிலிருந்த வித்தியாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டன. வடமொழியும் தமிழும் கலந்த பாகூர்ச் செப்பேடுகள் அதைத் தெரிவிக்கின்றன. அரசனுடைய ஆணை, அரசனுடைய புகழ், அரசனுடைய முத்திரை எல்லாம் அதிலுண்டு. ஆயினும் புகழ்மொழியை இயற்றிய புலவரின் பெயரும், செப்பில் பொறித்த காஞ்சிப் பொற்கொல்லரின் பெயரும் அதே செப்பேட்டில் இடம்பெற்றுள்ளன. அரசனுக்கு அடுத்து ஒரு தட்டாருக்கும் இடமளித்த ஏடு அது! எழுத்தில் பிழை நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பதும், அழகாக அமைந்தால் யாரைப் போற்றுவது என்பதும் அப்பெயரால் தெளிவாகின்றன. கோவில்பட்டிக் கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் நாட்காட்டிப் படங்களின் மூலையில் கையொப்பமிட்டதும் இந்த மரபைச் சார்ந்ததே. நாள்தோறும் கிழித்தெறியும் தாளுக்கு மேலே தொங்கிய படத்துக்கும் ஒரு பெயர் இருந்தது.

வில்லியனூர்ப் பகுதிக்கு இதில் தனிப் பொருட்டும் உண்டு. இம்மண்ணின் சுடுமண் கைவினைக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. மண்ணாடிப்பட்டுக் கொம்யூனைச் சேர்ந்த திருக்கனூரின் காகிதக்கூழ்ப் பொம்மைகளுக்கும் அவ்வாறே. புதுவையின் சுடுமண் கலைஞர் வி. கே. முனுசாமிக்கு 2020-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. இத்தகைய கைகள் இருக்கும் ஊரில், மாதா பாடலின் அட்டைக்கு முகவரியற்ற முகமொன்றைத் தேடி நாம் ஏன் கணினியிடம் போகவேண்டும் என்ற கேள்வி எழுவது இயல்பு. உள்ளூர்க் குயவர் வனைந்த மண்மாதாவை விளக்கொளியில் வைத்து ஒரு நல்ல நிழற்படம் எடுத்தால், கருவியின் மெழுகுபூசிய மாதாவைவிட அது எவ்வளவோ உயிருள்ளதாக இருக்கும்.

ஆனால் வறுமையையும் நாம் மறக்கலாகாது. சிற்றூர்ப் பங்கின் பாடகர் குழுவினர் பதிவுக்கூடத்துக்கே கடன்பட்டுப் பணம் கட்டுகின்றனர். ஓவியருக்குக் கொடுக்க என்ன மிஞ்சும்? கொம்யூன் கடைத்தெருக்களில் பெயர்ப்பலகை எழுதியும், சவேரியார் தேருக்குத் திரைச்சீலை தீட்டியும் பிழைத்த ஓவியர்களைப் பிளெக்சுத் தட்டிகள் ஒரு தலைமுறைக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டன. அவர்களுடைய பிள்ளைகள் வேறு தொழில்களுக்குப் போய்விட்டனர். வரைபவர் இல்லாத இடத்தில் இளைஞர் கருவியை நாடுவதை நாம் எவ்வாறு பழிக்க இயலும்? தூரிகையை நாம் கைவிட்ட பிறகே கருவி வந்தது என்பதுதான் உண்மை வரலாறு. பொருள் வசதி மிக்கவர்களும் இதையே செய்யும்போது பேச்சு வேறு. 2024 அக்டோபரில் ‘டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ்’ என்னும் புகழ்பெற்ற ஆங்கில இசைக்குழு, சூரியகாந்தித் தோட்டத்தில் நிற்கும் விண்வெளி வீரனின் படத்தைக் கருவிகொண்டு ஆக்கித் தன் தொகுப்புக்கு அட்டையாக்கியது. அதன் இரசிகர்களே கடிந்துகொண்டனர். ஓவியரை அமர்த்தப் பணமில்லை என்று அவர்களால் சொல்ல முடியாது.

தமிழிசை உலகில் இதற்கு நேர்மையான முன்மாதிரியொன்றும் உண்டு. அட்டையில் அன்று, குரலில். 2024-இல் வெளிவந்த ‘லால் சலாம்’ படத்தின் பாடலொன்றில், மறைந்த பாடகர்களான பம்பா பாக்யா, சாகுல் அமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் ஏ. ஆர். ரகுமான் மீட்டெடுத்தார். அவர்களுடைய குடும்பத்தாரிடம் இசைவு பெற்றதையும் உரிய தொகை வழங்கியதையும் அவரே வெளிப்படையாக அறிவித்தார். இறந்தோரின் குரலை மீட்பது தகுமா என்று வாதிடுவோர் வாதிடட்டும். ஆனால் யாருடைய குரல், யார் இசைந்தனர், எக்கருவி என்னும் மூன்றும் கேட்போருக்கு மறைக்கப்படவில்லை.

திருச்சபையும் இப்பொருளில் வாளாவிருக்கவில்லை. வழக்கத்துக்கு மாறான உருவங்களை ஆயரின் இசைவின்றி ஆலயங்களில் வைக்கலாகாது என்று திரெந்துப் பொதுச்சங்கம் 1563-ஆம் ஆண்டிலேயே விதித்தது. அந்த விதி ஆலயச் சுவர்களுக்கானது; கைப்பேசியின் சதுரத்துக்கு எந்த ஆயரும் காவல் நிற்க முடியாது. ஆகையால் இன்று அப்பொறுப்பு பொதுநிலையினராகிய நம் தோள்மீதே விழுகிறது. 2023 மார்ச்சில் திருத்தந்தை பிரான்சிஸ் பருத்த வெண்ணிறக் குளிரங்கி அணிந்து நடப்பதுபோன்ற பொய்ப்படம் உலகெங்கும் பரவியதை வாசகர்கள் அறிவர். மறு ஆண்டுச் சமூகத் தொடர்பு நாள் செய்தியில் அவரே, தாமும் இத்தகைய பொய்ப்படங்களுக்கு இலக்கானதைக் குறிப்பிட்டார். 2025 சனவரி 28-இல் வத்திக்கான் வெளியிட்ட ‘ஆந்திக்வா எத் நோவா’ ஆவணம், கருவியை மனிதர்போல் காட்டி மயக்குவதைக் கண்டிக்கிறது. அவருக்குப்பின் 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை, வில்லியனூர் அன்னை முடிசூடிய காலத்துத் திருத்தந்தையின் பெயரையே ஏற்று 14-ஆம் லியோ ஆனார். தொழிற்புரட்சியின் காலத்தில் 13-ஆம் லியோ தொழிலாளருக்காகப் பேசியதை நினைவூட்டி, செயற்கை நுண்ணறிவு கொண்டுவரும் புதிய சிக்கலையே இப்பெயரை ஏற்றதற்கான காரணங்களுள் ஒன்றாகச் சொன்னார். 2026-ஆம் ஆண்டின் சமூகத் தொடர்பு நாளுக்கு அவர் தந்த கருப்பொருள் மனிதக் குரல்களையும் முகங்களையும் காத்தல் என்பது. பாடலும் அட்டையும் வேறென்ன? குரலும் முகமும்தானே!

சட்டம் இதைப்பற்றி என்ன சொல்கிறது என்று கேட்போர் உண்டு. 1994-இல் திருத்தப்பட்ட நம் பதிப்புரிமைச் சட்டம், கணினியால் ஆக்கப்படும் படைப்புக்கு அதை ஆக்குவித்தவரையே ஆசிரியராகக் கொள்கிறது. அன்று சட்டமியற்றியோர் இத்தகைய கருவிகளைக் கனவிலும் கண்டிருக்கமாட்டார்கள். அமெரிக்காவிலோ, மனிதர் ஆக்காத படத்துக்குப் பதிப்புரிமையே இல்லை என்று 2023-இல் பதிப்புரிமை அலுவலகமும் 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கூறிவிட்டன. இவை ஒருபுறமிருக்கட்டும். அதே இந்தியச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பின்பும் தன் படைப்பைத் தன்னுடையதென்று சொல்லிக்கொள்ளும் உரிமை ஆசிரியருக்கு உண்டு என்கிறது. பாகூர்ப் பொற்கொல்லர் இதைப் படித்தால் மகிழ்ந்திருப்பார்.

இப்போது அந்த உள்மடிப்புக்குத் திரும்புவோம். ஒலிநாடாவின் அட்டை விரிந்தபோது வெளிப்பட்ட பெயர்களுக்குக் கைப்பேசியில் இடமில்லை. இசைத்தளங்கள் 3000-க்கு 3000 புள்ளிகள் கொண்ட சதுரப் படத்தைக் கேட்கின்றன. கேட்போரின் திரையிலோ அது கட்டைவிரல் நகம் அளவே தெரிகிறது. அதற்குப் பின்புறமில்லை, மடிப்பில்லை, அச்சகத்தின் பெயரில்லை. இசையமைத்தவர், பாடியவர் பெயர்களாவது ஏதோ ஒரு மூலையில் கிடைக்கும். அட்டையைத் தீட்டியவர் பெயரைத் தேடினாலும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பெயருக்கு இடமில்லாமற்போன அந்நாளிலேயே பெயரில்லாத படத்துக்கு வாசல் திறந்துவிட்டது.

யூடியூபில் பாடலை ஏற்றுவோருக்கு மட்டும் படத்தின் கீழே விளக்கம் எழுதச் சிறிது இடமிருக்கிறது. நம் குழுக்கள் அங்கே வழக்கமாகப் பங்குத்தந்தைக்கும் நன்கொடையாளர்களுக்கும் நன்றி எழுதுகின்றன. அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுதலாம். ‘அட்டைப்படம்: வில்லியனூர்த் திருச்சுரூபம், நிழற்படம் எடுத்தவர் இன்னார்’ என்று அது இருக்கலாம். ‘மண்சுரூபம் வனைந்தவர் இன்னார்’ என்று இருக்கலாம். அல்லது, வேறு வழியின்றிக் கருவியை நாடிய குழுவாயின், ‘இப்படம் செயற்கை நுண்ணறிவுக் கருவியால் ஆக்கப்பட்டது’ என்று இருக்கலாம்.